விஎம் ஓட்டும் கம்ப்யூட்டர் திடீர் திடீரென ஹேங் ஆகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விஎம் (விர்ச்சுவல் மெஷின்) என்பது ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர். அதை விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், ஹைப்பர்-வி, கேவிஎம், ப்ராக்ஸ்மாக்ஸ் என எதை வைத்து ஓட்டினாலும் புகார் ஒன்றுதான்: "நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று அப்படியே நின்றுவிட்டது. எர்ரர் எதுவும் வரவில்லை." அந்தப் புகாருக்கான பக்கம் இது. வெளியே இருக்கும் நிஜக் கம்ப்யூட்டரை ஹோஸ்ட் என்றும், அதற்குள் விஎம்மில் ஓடும் இயங்குதளத்தை கெஸ்ட் என்றும் சொல்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் கேள்வியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

ஹேங் ஆனதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பவர் பட்டனைத் தொடாதீர்கள். அதை அமுக்கிய நொடியில் இருந்த தடயமெல்லாம் போய்விடும். முதலில் தெரிய வேண்டியது, நின்றது யார் என்பது: ஹோஸ்ட்டா, கெஸ்ட்டா, அல்லது திரை மட்டுமா?

கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போதெல்லாம் விளக்கு மாறினால் ஹோஸ்ட்டின் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) இன்னும் உயிர் இருக்கிறது. மாறவே இல்லை என்றால் நிலைமை மோசம். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் காதைக் கொடுங்கள். கடைசி அரை நொடிச் சத்தம் கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி திரும்பத் திரும்ப வந்தால், சவுண்ட் கார்டு பழைய பஃபரையே சுற்றிச் சுற்றி வாசிக்கிறது, அதை நிரப்ப வேண்டிய பிராசஸர் நின்றுவிட்டது என்று பொருள். கேபினெட்டில் டிஸ்க் விளக்கு இருந்தால் அதையும் பாருங்கள். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் மெமரி தீர்ந்து, டிஸ்க்கையே மெமரி போலப் பயன்படுத்தும் ஸ்வாப்பில் மூச்சு வாங்குகிறது.

அடுத்தது, வேறொரு கம்ப்யூட்டரிலிருந்தோ போனிலிருந்தோ ஹோஸ்ட்டுக்குப் பிங் (ஆள் இருக்கிறதா என்று நெட்வொர்க்கில் கேட்கும் சிறு செய்தி) அனுப்புவது. பிங்குக்குப் பதில் வந்து, எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து லாகின் செய்யும் வழி) மூலம் உள்ளே போகவும் முடிந்தால் திரையோ கிராபிக்ஸ் டிரைவரோதான் தொங்கியிருக்கிறது. வேலைகளைச் சேமித்துவிட்டு நிதானமாக ரீபூட் செய்யலாம். பிங்குக்குப் பதில் வருகிறது, ஆனால் எஸ்எஸ்ஹெச் கடவுச்சொல் கேட்கும் இடத்துக்குக்கூட வராமல் நிற்கிறது என்றால் அது ரொம்பப் பயனுள்ள தகவல். பிங்குக்கு கெர்னலே மெமரியிலிருந்து பதில் சொல்லிவிடும். லாகின் செய்ய டிஸ்க்கிலிருந்து எதையாவது படித்தாக வேண்டும். அதனால் சந்தேகம் நேராக டிஸ்க் மேலும் மெமரி மேலும் போகிறது. பிங்கும் இல்லை என்றால் ஒன்று முழு ஹேங், இல்லாவிட்டால் நெட்வொர்க் கார்டு மட்டும் மாட்டிக்கொண்டது. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இத்தனையும் பார்த்துவிட்டு ஒரு பத்து நிமிடம் சும்மா விடுங்கள். ஸ்வாப் தள்ளாட்டமாக இருந்தால் தானாகவே மீளும். ஹார்டுவேர் கோளாறு என்றால் ராத்திரி முழுக்கக் காத்திருந்தாலும் மீளாது. நின்ற நேரத்தைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். லாகில் (கம்ப்யூட்டர் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் கோப்பு) தேட அது வேண்டும்.

உண்மையில் ஹேங் ஆகாமலே ஹேங் ஆனது போலத் தெரியுமா?

தெரியும், அடிக்கடி. விர்ச்சுவல்பாக்ஸில் மவுஸை விஎம் பிடித்துக்கொண்டால் வெளியே வர வலது கன்ட்ரோல் விசையை அழுத்த வேண்டும். அது தெரியாமல் கம்ப்யூட்டரையே அணைத்தவர்கள் உண்டு. லினக்ஸ் டெர்மினலில் கைதவறி கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் எழுத்தெல்லாம் நின்றுவிடும். கன்ட்ரோல்-க்யூ அழுத்தினால் திரும்ப ஓடும். விண்டோஸின் கறுப்புக் கன்சோல் ஜன்னலுக்குள் ஒருமுறை கிளிக் செய்துவிட்டால் தேர்வு முறைக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த நிரல் அடுத்த வரியை எழுத முடியாமல் காத்து நிற்கும். எஸ்கேப் அழுத்தினால் சரி. நான்கூட ஒரு நீளமான டேட்டாபேஸ் ஏற்றுமதி "ஹேங்" ஆனதாக நினைத்து ஒரு மணி நேரம் லாக் தேடியிருக்கிறேன். என் கிளிக்தான் அதை நிறுத்தி வைத்திருந்தது.

விண்டோஸ் ஹோஸ்ட்டில் திரை மட்டும் உறைந்திருந்தால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். திரை ஒருமுறை இருண்டு திரும்பும்.

விஎம் ஓடும்போது மட்டும்தான் ஹேங் ஆகிறது. அப்படியென்றால் விஎம் மென்பொருள்தானே காரணம்?

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். பாதிக்கு மேல் தவறு என்பது என் அனுபவம். விஎம் ஓட்டும்போது கம்ப்யூட்டர் வேறெப்போதும் செய்யாத மூன்று வேலைகளைச் செய்கிறது: மெமரியை விளிம்பு வரை நிரப்புகிறது, எல்லா கோர்களையும் ஒரே நேரத்தில் எழுப்புகிறது, டிஸ்க்கில் இங்கொன்றும் அங்கொன்றுமாக இடைவிடாமல் எழுதுகிறது. ஏற்கெனவே எங்கோ பலவீனமாக இருக்கும் ஹார்டுவேர் இந்தச் சுமையில்தான் காட்டிக்கொடுக்கும். பிரவுசரும் வேர்டும் மட்டும் ஓட்டியிருந்தால் அது வருடக்கணக்கில் வெளியே தெரியாமலே போயிருக்கும்.

என்னுடைய பழைய டெஸ்க்டாப்பில் இரண்டு விஎம் வரை எந்தத் தொந்தரவும் இல்லை. மூன்றாவதைத் தொடங்கினால் அரை மணி நேரத்துக்குள் மொத்தமும் நின்றுவிடும். அந்த மூன்றாவது விஎம்தான் கெட்டது என்று முடிவு கட்டி, அழித்துப் புதிதாக உருவாக்கினேன். அப்புறம் விஎம் மென்பொருளையே மாற்றினேன். அப்புறம் ஹோஸ்ட்டின் இயங்குதளத்தையும் மாற்றினேன். இரண்டு வாரம் இப்படி ஓடியது. கடைசியில் வேறு வழியில்லாமல் மெம்டெஸ்ட்86+ என்ற மெமரிச் சோதனை நிரலை ஓடவிட்டேன். முதல் பாஸ் (முழுச் சுற்று) சுத்தம், இரண்டாவது பாஸில் சிவப்பு வரிகள். இரண்டு மெமரி குச்சிகளில் ஒன்று பழுது. மெமரி கிட்டத்தட்ட நிறையும்போது மட்டும் அந்த இடத்துக்கு வேலை வந்திருக்கிறது, அவ்வளவுதான். மூன்றாவது விஎம்மாக எதைத் தொடங்கியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

ஆகவே மெமரிச் சோதனையைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். ஒரு பாஸ் போதாது, ஓர் இரவு முழுக்க ஓடட்டும். அதற்கும் முன்னால் இன்னொரு சுலபமான சோதனை இருக்கிறது. பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற மெமரி வேக அமைப்பு இயக்கத்தில் இருந்தால் அணைத்துவிட்டுப் பாருங்கள். அது மெமரிப் பெட்டியில் அச்சிட்ட வேகம்தான் என்றாலும், பிராசஸரின் மெமரி கன்ட்ரோலரைப் பொறுத்தவரை ஓவர்கிளாக்தான், அதாவது விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. அணைத்ததும் ஹேங் நின்றால் பாதிக் கதை முடிந்தது.

விஎம்முக்கு எவ்வளவு மெமரி கொடுக்கலாம்?

ஹோஸ்ட்டில் 16 ஜிபி இருந்தால் எல்லா விஎம்களுக்கும் சேர்த்து 8 ஜிபி, மிஞ்சினால் 10. ஹோஸ்ட்டுக்குக் குறைந்தது 4 ஜிபி விடுங்கள். அதிலேயே பிரவுசரும் திறந்து வைப்பீர்கள் என்றால் 6. விர்ச்சுவல்பாக்ஸின் மெமரி ஸ்லைடரில் பச்சைப் பகுதி முடியும் வரை தள்ளலாம் என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் பச்சைக்கு உங்கள் பிரவுசரில் எத்தனை டேப் திறந்திருக்கிறது என்பது தெரியாது.

காலையில் தொடங்கும்போது நன்றாக இருக்கிறது, மதியத்துக்கு மேல்தான் ஹேங் ஆகிறது. ஏன்?

8 ஜிபி கொடுத்த விஎம் பெரும்பாலும் தொடங்கிய உடனே 8 ஜிபியையும் எடுத்துக்கொள்வதில்லை. கெஸ்ட் தொடத் தொடத்தான் ஹோஸ்ட்டிலிருந்து மெமரி போகும். ஆனால் கெஸ்ட்டும் ஒரு முழு இயங்குதளம். படித்த கோப்புகளையெல்லாம் தன் கேஷில் சேர்த்து வைத்துக்கொண்டே போகும். சில மணி நேரத்தில் 8 ஜிபியையும் ஒருமுறையாவது தொட்டுவிடும். கெஸ்ட்டுக்குள் போய்ப் பார்த்தால் "2 ஜிபிதான் பயன்பாட்டில், மீதி கேஷ்" என்று அமைதியாகச் சொல்லும். அந்தக் கேஷும் ஹோஸ்ட்டின் கணக்கில் முழுச் செலவு. சும்மா கிடக்கும் மெமரியைக் கெஸ்ட்டிலிருந்து ஹோஸ்ட்டுக்குத் திருப்பும் பலூன் டிரைவர் போட்டிருந்தாலொழியக் கொடுத்த மெமரி ஹோஸ்ட்டுக்குத் தானாகத் திரும்பி வராது.

அந்தக் கட்டத்தில் ஹோஸ்ட், கெஸ்ட்டின் பக்கங்களை ஸ்வாப்புக்குத் தள்ளும். நெருக்கடி தெரியாத கெஸ்ட்டும் தன் பங்குக்குத் தனது ஸ்வாப்புக்குத் தள்ளும். ஸ்வாப்புக்குள் ஸ்வாப். பார்ப்பவருக்கு அது ஹேங். கெஸ்ட்டின் மெமரியைக் குறைப்பதுதான் மருந்து, ஏற்றுவது அல்ல. கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றினாலும் உண்மை அதுதான். ஹோஸ்ட் லினக்ஸாக இருந்தால் லாகில் "அவுட் ஆஃப் மெமரி" என்று தேடுங்கள். மெமரி அறவே தீர்ந்தால் கெர்னல் பெரிய ஆளாகப் பார்த்துக் கொல்லும், பெரிய ஆள் வழக்கமாக விஎம்தான்.

ப்ராக்ஸ்மாக்ஸில் இசட்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதன் ஏஆர்சி கேஷ் பழைய நிறுவல்களில் மொத்த மெமரியில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவினால் 10 சதவீதம், அதிகபட்சம் 16 ஜிபி என்று கட்டுப்படுத்துகிறார்கள். முன்பு நிறுவி அப்டேட் மட்டும் செய்துகொண்டே வந்திருந்தால் பழைய வரம்பே தொடரும்; நீங்களேதான் குறைக்க வேண்டும்.

எத்தனை கோர் கொடுக்கலாம்?

நிஜ கோர்களில் பாதி. 4 கோர், 8 த்ரெட் உள்ள பிராசஸரில் "எட்டு இருக்கிறதே" என்று எட்டையும் ஒரே விஎம்முக்குக் கொடுத்தால், கெஸ்ட் மும்முரமாகும்போதெல்லாம் ஹோஸ்ட்டின் மவுஸ்கூட வரிசையில் நிற்கும். இரண்டு கோரில் ஓடும் விஎம் பல சமயம் எட்டுக் கோர் விஎம்மைவிட வேகமாக நடந்துகொள்வதை நீங்களே பார்க்கலாம்.

லினக்ஸ் கெஸ்ட்டில் "சாஃப்ட் லாக்அப், சிபியு 22 நொடிகளாக மாட்டிக்கொண்டது" என்ற பொருளில் ஒரு வரி வரும். 20 நொடிக்கு மேல் ஒரு கோர் வேறெதற்கும் இடம் விடாவிட்டால் கெர்னலின் காவல்காரன் எழுப்பும் குரல் அது. நிஜக் கம்ப்யூட்டரில் வந்தால் வழக்கமாக டிரைவர் கோளாறு. விஎம்முக்குள் வந்தால் பெரும்பாலும் ஹோஸ்ட் அந்த 22 நொடியும் கெஸ்ட்டுக்கு பிராசஸரையே கொடுக்கவில்லை என்றுதான் பொருள். கெஸ்ட்டின் கெர்னலை மாற்றிப் பயனில்லை.

டிஸ்க்கால் ஹேங் ஆகுமா? மெதுவாகத்தானே ஆகும்?

ஆகும். மெமரிக்கு அடுத்தபடி நான் சந்தேகப்படுவது டிஸ்க்கைத்தான். ஆனால் அது பல வேஷத்தில் வரும்.

முதலாவது ரொம்பச் சாதாரணம்: ஹோஸ்ட்டில் இடம் தீர்ந்துவிட்டது. தேவைக்கேற்ப வளரும் வகை விர்ச்சுவல் டிஸ்க் 100 ஜிபி என்று போட்டிருப்பீர்கள், நிஜத்தில் 20 ஜிபிதான் பிடித்திருக்கும். கெஸ்ட்டில் கோப்புகளை அழித்தாலும் அந்த டிஸ்க் கோப்பு சுருங்காது, வளர மட்டுமே செய்யும். ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அந்த நேரத்து நிலைப் பதிவு) எடுத்து மறந்துவிட்டால் இன்னும் வேகமாக வளரும். ஹோஸ்ட்டில் இடம் தீர்ந்ததும் விர்ச்சுவல்பாக்ஸ் கெஸ்ட்டை நிறுத்தி வைத்துவிடும். ஜன்னல் பின்னால் ஒளிந்திருந்தால் அந்த அறிவிப்பு கண்ணில் படாது. இடத்தைக் காலி செய்துவிட்டுத் தொடரச் சொன்னால் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

இரண்டாவது, எழுத வேண்டியது குவிந்துபோவது. லினக்ஸ் ஹோஸ்ட் எழுதச் சொன்னதை உடனே டிஸ்க்கில் எழுதாது. கிடைக்கும் மெமரியில் 20 சதவீதம் வரை சேர்த்து வைக்கும். 64 ஜிபி மெமரியில் அது 12 ஜிபியைத் தாண்டும். சுழலும் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி எழுதினால் 12 ஜிபியை இறக்க 120 நொடி ஆகும். அந்த இரண்டு நிமிடமும் எழுத விரும்பும் எல்லா நிரலும் நிற்கும். கெஸ்ட்டுக்குள் லினக்ஸின் டிஸ்க் காத்திருப்பு வரம்பு வழக்கமாக 30 நொடி. அது தாண்டியதும் கெஸ்ட் டிஸ்க்கையே ரீசெட் செய்யப் பார்க்கும், கடைசியில் ஃபைல்சிஸ்டத்தைப் படிக்க மட்டும் என்று மாற்றிவிடும். திறந்திருக்கும் நிரல் ஓடும், புதிதாக எதுவும் திறக்காது. "120 நொடிகளுக்கு மேலாகத் தடைபட்டது" என்ற கெர்னல் செய்தியும் இங்கேதான் பிறக்கிறது. பெரிய மெமரியும் மெதுவான டிஸ்க்கும் சேர்ந்த கம்ப்யூட்டர்களில் இப்படிச் சேர்த்து வைப்பதற்கான "டர்ட்டி பைட்ஸ்" வரம்பைச் சில நூறு எம்பிக்குக் குறைத்தால் இந்த நீண்ட நிறுத்தம் சிறு சிறு தயக்கங்களாக உடைந்துவிடும். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்க்கில் விஎம் வைத்திருந்தால் எந்த வரம்பும் காப்பாற்றாது, டிஸ்க்கை மாற்றுங்கள்.

மூன்றாவது, மற்றவர்களின் தலையீடு. விஎம்மின் டிஸ்க் கோப்பு இருக்கும் போல்டரை ஆன்டிவைரஸ் ஒவ்வொரு முறையும் ஸ்கேன் செய்யும். கிளவுட் சிங்க் போல்டருக்குள் வைத்திருந்தால் 40 ஜிபி கோப்பில் ஒரு பைட் மாறினாலும் அது பதறி எழுந்துவிடும். இரண்டிலும் விதிவிலக்குப் போடுங்கள், அல்லது போல்டரை வெளியே நகர்த்துங்கள். பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்தில் வைத்தால் டிஸ்க் கோப்பு ஆயிரக்கணக்கான துண்டுகளாகச் சிதறும். விஎம் போல்டருக்கு மட்டும் காப்பி-ஆன்-ரைட்டை (மாற்றத்தைப் பழைய இடத்தில் எழுதாமல் புது இடத்தில் எழுதும் முறை) அணைத்துவிட்டு, கோப்பைப் புதிதாக நகலெடுக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் கோப்புக்கு அது பலிக்காது.

கடைசியாக டிஸ்க்கே சாகிறதா என்று பாருங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197 என்ற எண்ணுள்ள வரிகள் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் நல்லது, சாட்டா கேபிள்தான் கெட்டது. மாற்ற இரண்டு நிமிடம்.

ஜன்னலின் கீழே ஒரு பச்சை ஆமை தெரிகிறது. அது என்ன?

விண்டோஸ் ஹோஸ்ட்டில் விர்ச்சுவல்பாக்ஸ் ஓட்டுபவர்களுக்கான கேள்வி. விஎம் ஓட்டவென்றே பிராசஸரில் இருக்கும் விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி-வி வசதியை ஒரு நேரத்தில் ஒரு ஹைப்பர்வைசர்தான் (விஎம் ஓட்டும் மென்பொருள்) நேரடியாகக் கையில் வைத்திருக்க முடியும். விண்டோஸின் ஹைப்பர்-வி முதலில் எழுந்து அதைப் பிடித்துக்கொண்டால், விர்ச்சுவல்பாக்ஸ் அதன் மேல் ஏறி உட்கார்ந்து ஓட வேண்டும். 6.0 பதிப்பிலிருந்து அப்படி ஓட முடிகிறது. ஓடும்போது காட்டும் அடையாளம்தான் ஆமை. வேகம் குறையும், சில கம்ப்யூட்டர்களில் கெஸ்ட் நடுநடுவே உறையும்.

"நான் ஹைப்பர்-வி போடவே இல்லையே" என்பீர்கள். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 போட்டிருந்தால் போதும். டாக்கர் டெஸ்க்டாப், விண்டோஸ் சாண்ட்பாக்ஸ், பாதுகாப்பு அமைப்பில் இருக்கும் மெமரி இன்டெக்ரிட்டி, இதில் எதுவும் அதை எழுப்பிவிடும். அணைக்க வேண்டுமென்றால் விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றையும் எடுத்துவிட்டு, மெமரி இன்டெக்ரிட்டியையும் அணைத்து, ஷட்டவுன் இல்லாமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் கொடுத்தால் வேகத் தொடக்க வசதி பழைய கெர்னலையே தூங்க வைத்து எழுப்பும். மெமரி இன்டெக்ரிட்டி ஒரு நல்ல பாதுகாப்பு என்பதையும் சொல்லியாக வேண்டும். டபிள்யூஎஸ்எல் 2 தினமும் தேவை என்றால் இந்தச் சண்டையை விட்டுவிட்டு, விஎம்மையே ஹைப்பர்-விக்குள் மாற்றிவிடுவதுதான் என் ஆலோசனை.

லினக்ஸ் ஹோஸ்ட்டில் இதே மோதல் கேவிஎம்முக்கும் விர்ச்சுவல்பாக்ஸுக்கும் நடக்கலாம். 6.12 கெர்னலிலிருந்து கேவிஎம் மாட்யூல் ஏறியவுடனேயே விடி-எக்ஸைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அங்கே விஎம் தொடங்கவே மறுத்து எர்ரர் கொடுக்கும், ஹேங் ஆகாது.

விண்டோஸ் ஹோஸ்ட்டில் லாக் எங்கே? ஈவென்ட் வியூவரில் "கெர்னல்-பவர் 41" மட்டும்தான் இருக்கிறது.

அதைப் பார்த்துப் பவர் சப்ளையை மாற்றியவர்கள் நிறைய. 41 என்பது "போன முறை ஒழுங்காக அணைக்கப்படவில்லை" என்று அடுத்த பூட்டில் விண்டோஸ் எழுதும் குறிப்பு. பவர் பட்டனை நீங்கள் அமுக்கியதைத்தான் அது சொல்கிறது. காரணம் அதற்கு முந்தைய வரிகளில் இருக்கும். டிஸ்க் சம்பந்தமாக 129 (டிவைஸ் ரீசெட்) அல்லது 153 (மறுமுயற்சி) இருந்தால் டிஸ்க், கேபிள், ஸ்டோரேஜ் டிரைவர் பக்கம் போங்கள். வியா-லாகர் என்ற பெயரில் ஏதாவது இருந்தால் ஹார்டுவேரே வாய் திறந்து பேசுகிறது; 18 என்றால் பெரும்பாலும் பிராசஸர் அல்லது அதன் வோல்டேஜ், 17 என்றால் சரிசெய்யப்பட்ட பிசிஐ எக்ஸ்பிரஸ் பிழை. ஹேங் ஆன நேரத்துக்கு முன்னால் எதுவுமே இல்லை, சுத்தமான வெற்றிடம் என்றால் அதுவும் தகவல்தான்: எழுதக்கூட நேரம் கிடைக்காமல் நின்றிருக்கிறது. மெமரி, பிராசஸர், போர்டு என்று தேடுங்கள்.

லினக்ஸ் ஹோஸ்ட்டில்?

முதலில் ஜர்னல் (லினக்ஸின் லாக்) டிஸ்க்கில் சேமிக்கப்படுகிறதா என்று உறுதி செய்யுங்கள். மெமரியில் மட்டும் வைத்திருந்தால் ரீபூட்டில் எல்லாம் போய்விடும். பிறகு முந்தைய பூட்டின் ஜர்னலைத் திறந்து கடைசிப் பக்கத்திலிருந்து மேலே ஏறுங்கள். முழு ஹேங் ஆனால் கடைசிச் செய்தி டிஸ்க்குக்கு வந்தே சேராது. அதற்கு நெட்கன்சோல் இருக்கிறது: கெர்னல் செய்திகளை வேறொரு கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க் வழியே உடனுக்குடன் அனுப்பிவிடும். நின்றது கெஸ்ட் என்றால் வேலை இன்னும் எளிது. விஎம்முக்கு ஒரு சீரியல் போர்ட் சேர்த்து, அதை ஹோஸ்ட்டில் ஒரு கோப்போடு இணைத்து, கெஸ்ட்டின் கன்சோலை அதற்குத் திருப்பிவிடுங்கள். கெஸ்ட் சாகும்போது சொன்ன கடைசி வார்த்தை அந்தக் கோப்பில் பத்திரமாக இருக்கும்.

தொங்கிய லினக்ஸைப் பவர் பட்டன் இல்லாமல் ரீபூட் செய்ய முடியுமா?

ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீனையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி மூன்றையும் இரண்டிரண்டு நொடி இடைவெளியில் அழுத்துங்கள். எஸ் மெமரியில் இருப்பதை டிஸ்க்கில் எழுதும், யு ஃபைல்சிஸ்டங்களைப் படிக்க மட்டும் என்று ஆக்கும், பி ரீபூட் செய்யும். உபுண்டுவில் இந்த மூன்றும் முன்னிருப்பாகவே அனுமதிக்கப்பட்டிருக்கும். இதற்கும் அசையவில்லை என்றால் கெர்னலே போய்விட்டது.

விஎம் எதுவும் மும்முரமாக இல்லை. சும்மா இருக்கும்போதுதான் ஹேங் ஆகிறது.

சுமையில் நிற்காமல் ஓய்வில் நிற்பது, பிராசஸரின் தூக்க நிலைகளைக் காட்டும் நல்ல துப்பு. 2017இல் வந்த முதல் தலைமுறை ரைசன்களில் லினக்ஸ் போட்டவர்கள் இதில் நிறைய அவதிப்பட்டார்கள். பயாஸில் "பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்" என்பதை "டிபிக்கல் கரன்ட் ஐடில்" என்று மாற்றினால், அல்லது சி6 என்ற ஆழ்ந்த தூக்க நிலையை அணைத்தால் ஹேங் வருவது நின்றது. இன்டெலின் பே டிரெயில் சில்லுகளிலும் இதே கதை. அங்கே கெர்னல் அளவுருவில் அதிகபட்ச சி-ஸ்டேட்டை (தூக்க நிலையை) 1 என்று கட்டுப்படுத்தினார்கள். பழைய பெட்டியை வீட்டு சர்வராக மாற்றி விஎம் ஓட்டுபவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.

பயாஸ் அப்டேட் செய்தால் பயன் உண்டா?

ஹேங் விஷயத்தில் உண்டு. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் தேவைக்கு மிஞ்சிய வோல்டேஜ் சில்லையே மெல்ல மெல்லக் கெடுத்தது. 2024 ஆகஸ்டில் தொடங்கி மைக்ரோகோட் (பிராசஸருக்குள்ளேயே ஓடும் நிரல்) திருத்தங்கள் பயாஸ் அப்டேட்டாக வந்தன. உத்தரவாதக் காலத்தையும் இரண்டு வருடம் நீட்டினார்கள். திருத்தம் மேலும் கெடாமல் தடுக்குமே தவிர, ஏற்கெனவே கெட்ட பிராசஸரை மீட்காது. அந்த வகை பிராசஸரில் கனமான விஎம் ஓட்டி ஹேங் ஆகிறது என்றால் வேறெதையும் தேடும் முன் இதைப் பாருங்கள்.

சூடு காரணமாக இருக்குமா?

அரிதாக. சூடேறினால் பிராசஸர் முதலில் வேகத்தைக் குறைக்கும், அப்புறம் கம்ப்யூட்டரே அணைந்துவிடும். உறைந்து நிற்பது அதன் பாணி அல்ல.

ப்ராக்ஸ்மாக்ஸ் சர்வர் ஹேங் ஆகிறது, பிங் கிடையாது. ஆனால் மானிட்டரை இணைத்தால் லாகின் திரை சாதாரணமாக இருக்கிறது.

ஹேங் இல்லை, நெட்வொர்க் கார்டு மட்டும் படுத்துவிட்டது. இன்டெலின் இ1000இ டிரைவரில் ஓடும் கார்டுகளில் இது பழைய நோய். லாகில் "ஹார்டுவேர் யூனிட் ஹேங்" என்று இரண்டு நொடிக்கொருமுறை வந்துகொண்டே இருக்கும். பெரிய கோப்பு நகர்த்தும்போதோ பேக்கப் ஓடும்போதோ வரும். ஈத்டூல் கட்டளையால் பெரிய தரவைத் துண்டாக்கும் வேலையைத் தள்ளிவிடும் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ வசதிகள் இரண்டையும் அணைத்தால் பெரும்பாலும் தீரும். ரீபூட்டுக்குப் பிறகும் நிற்கும்படி நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் எழுதிவிடுங்கள். மானிட்டர் இல்லாத சர்வரை வாரம் ஒருமுறை பவர் பட்டனால் அணைத்து எழுப்புபவர்கள், ஒரே ஒரு முறை மானிட்டரைச் செருகிப் பார்த்தால் போதும்.

கெஸ்ட்டின் டெஸ்க்டாப் மட்டும் உறைகிறது.

3டி ஆக்சிலரேஷனை அணையுங்கள். வீடியோ மெமரியை 128 எம்பி ஆக்குங்கள். ஹோஸ்ட்டின் கிராபிக்ஸ் டிரைவரையும் கெஸ்ட்டுக்குள் நிறுவும் துணை டிரைவர்களான கெஸ்ட் அடிஷன்ஸையும் புதுப்பியுங்கள். விர்ச்சுவல்பாக்ஸை மட்டும் புதுப்பித்துவிட்டு உள்ளே பழைய அடிஷன்ஸையே விட்டுவைப்பது வழக்கமான தவறு. லினக்ஸ் கெஸ்ட்டில் திரையை வரைவது வேலேண்ட் என்றால், லாகின் திரையில் பழைய முறையான எக்ஸ்11 இருந்தால் அதைத் தேர்ந்து ஒருநாள் ஓட்டிப் பாருங்கள்.

கிராபிக்ஸ் கார்டை நேரடியாக விஎம்முக்குக் கொடுத்திருக்கிறேன். விஎம்மை ரீஸ்டார்ட் செய்தால் ஹோஸ்ட்டே நிற்கிறது.

சில ஏஎம்டி கார்டுகள் ஒருமுறை பயன்படுத்திய பின் ஒழுங்காக ரீசெட் ஆகாது. அதற்கென வெண்டர்-ரீசெட் என்ற தனி கெர்னல் மாட்யூல் இருக்கிறது. அதோடு கார்டு இருக்கும் ஐஓஎம்எம்யு குழுவில் (விஎம்முக்கு ஒன்றாகவே கொடுக்க வேண்டிய சாதனங்களின் தொகுப்பு) வேறு எதுவும் இல்லையா என்றும் பாருங்கள். டிஸ்க் கன்ட்ரோலரும் அதே குழுவில் இருந்து அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், ஹோஸ்ட் தன் டிஸ்க்கையே இழக்கும்.

ஒன்றை மாற்றினேன், இரண்டு நாளாக ஹேங் இல்லை. சரியாகிவிட்டதா?

முன்பு எத்தனை நாளுக்கொருமுறை வந்தது? சராசரியாக இரண்டு நாளுக்கொருமுறை தற்செயலாக வந்துகொண்டிருந்தது என்றால், எதையுமே மாற்றாவிட்டாலும் இரண்டு நாள் வராமலிருக்க ஏறக்குறைய 37 சதவீத வாய்ப்பு உண்டு. ஆறு நாள் வராமலிருக்க 5 சதவீதம். அதனால் சராசரி இடைவெளியைப் போல மூன்று மடங்கு காத்திருந்த பிறகு நம்பலாம். ஒரே நேரத்தில் ஐந்தை மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது, அடுத்த முறை வரும்போது மறுபடி பூஜ்ஜியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் ஹேங்கை வரவழைக்கும் வழியைத் தேடலாம்: எல்லா விஎம்மையும் தொடங்கி, ஒவ்வொன்றிலும் பெரிய கோப்பை நகலெடுத்து, கூடவே கம்பைல் ஒன்றையும் ஓடவிடுங்கள். இரண்டு நாளில் வருவது இரண்டு மணி நேரத்தில் வந்தால் சோதனை சுலபம்.

தொங்கிய விஎம்மை அப்படியே பவர் ஆஃப் செய்யலாமா?

நிஜக் கம்ப்யூட்டரில் பிளக்கைப் பிடுங்குவது போலத்தான். எக்ஸ்ட்4, என்டிஎஃப்எஸ் போன்றவை மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் வைத்திருப்பதால் ஃபைல்சிஸ்டம் பெரும்பாலும் பிழைக்கும். சேமிக்காத வேலை போகும். நிலையைச் சேமித்துவிட்டு மூடலாமே என்று தோன்றும். தொங்கிய நிலையைச் சேமித்தால், திறக்கும்போது அதே தொங்கிய நிலைதான் திரும்ப வரும்.

யாரிடமாவது உதவி கேட்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

நின்றது ஹோஸ்ட்டா கெஸ்ட்டா, கேப்ஸ் லாக் என்ன சொன்னது, பிங் வந்ததா, எத்தனை மணிக்கு. ஹோஸ்ட்டின் மொத்த மெமரி, கோர் எண்ணிக்கை, விஎம்முக்குக் கொடுத்தது எவ்வளவு. அப்புறம் லாக் கோப்பு. விர்ச்சுவல்பாக்ஸில் விஎம் போல்டருக்குள் லாக்ஸ் என்ற துணைப் போல்டரில் இருக்கும், விஎம்வேரில் விஎம் போல்டரிலேயே இருக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் பழைய லாகுக்கு எண் போட்டுத் தள்ளி, முந்தைய மூன்றை மட்டுமே வைத்திருக்கும். ஹேங் ஆன பிறகு "இன்னொரு தடவை பார்ப்போம்" என்று நான்கு முறை தொடங்கினால் வேண்டிய லாக் போயே போய்விடும், ஆகவே முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். அனுப்பும்போது முழுக் கோப்பையும் அனுப்புங்கள். கடைசிப் பத்து வரியை மட்டும் வெட்டி அனுப்பினால், மெமரி எவ்வளவு, கோர் எத்தனை, ஆமை உண்டா இல்லையா என்று நான் கேட்கப்போகும் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும் முதல் சில நூறு வரிகள் உங்களிடமே தங்கிவிடும்.